உலைநீரில் உப்பு

அரை மணி நேரத்துக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்தாக வேண்டிய வீடுகளில், சேமியா உப்புமாவுக்கு அடுத்தபடியாக இன்று காய்கறி பாஸ்தாவும் ஓரிடம் பெற்றுவிட்டது. அதைச் செய்யத் தொடங்கும் எவருக்கும் முதற்காரியத்திலேயே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. சோற்றுக்கு உலை வைக்கும்போது நம்மில் பெரும்பாலோர் அதில் உப்பிடுவதில்லை. குழம்பிலும் ரசத்திலும் உள்ள உப்பே சோற்றுக்குப் போதுமென்று விட்டுவிடுகிறோம். பாஸ்தாவுக்கோ, கொதிக்கும் தண்ணீரில் தாராளமாக உப்பிட வேண்டுமென்கிறார்கள். வெந்தபின் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை வடித்துக் கொட்டிவிட வேண்டுமென்றும் அவர்களே சொல்கிறார்கள். கொட்டப்போகும் தண்ணீருக்கு உப்பு எதற்கு?

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, உப்பிட்டால் தண்ணீருக்குச் சூடு அதிகமாகும், ஆகையால் பண்டம் விரைவில் வேகும் என்பது. கண்ணெதிரே அதற்கொரு சாட்சியமும் இருப்பதாகத் தோன்றுகிறது. கொதிவரும் தருணத்தில் ஒரு பிடி உப்பை உலையில் போட்டுப் பாருங்கள். அதுவரை அமைதியாக இருந்த நீர் சட்டென்று நுரைத்துப் பொங்கும். உப்பு நீரைக் கொதிக்கவைத்துவிட்டது என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அந்த அபிப்பிராயம் சரிதானா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பிடி உப்பு பிறந்த இடத்துக்கு ஒருமுறை போய்வருவது நலம். ஏனெனில், உலையில் உப்பு செய்யும் காரியத்தின் ரகசியம் உப்பளத்திலேயே வெளிப்படையாகக் கிடக்கிறது.

பாத்தியில் நிற்கும் கடல்

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோருக்கு, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்து நிலம் கண்ணாடிச் சதுரங்களாகப் பிரிந்து வானத்தைப் பிரதிபலிப்பதும், இடையிடையே வெண்மையான உப்புக் குவியல்கள் நிற்பதும் கண்ணில் படும். ஆந்திரத்திலிருந்து கரையோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வூர்தான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வருகின்ற எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய துணிபு. அங்கே பாணருக்குப் பரதவர் இட்ட விருந்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்ட கறியும் இருந்தது. கடலும் வெயிலும் கூடிச் சமைக்கும் உணவு இக்கரையில் புதியதன்று.

உப்பங்கழி நீரை வரப்புக் கட்டிய பாத்திகளில் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலும், ஓயாமல் வீசும் கடற்காற்றும் நீரை ஆவியாக்கிக் கொண்டுபோக, எஞ்சியிருப்பது நாளுக்குநாள் அடர்ந்த உவராகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றில் சுமார் 27 கிராம் நாம் உண்ணும் சாதாரண உப்பு. மீதியில் மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் உப்புக்கள் அடங்கும். இவை யாவும் ஒரே சமயத்தில் படிவதில்லை என்பதில்தான் உப்பளத்துத் தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது. 1849 ஆம் ஆண்டில் உசிலியோ என்னும் இரசாயன அறிஞர் மத்தியதரைக் கடலின் நீரைச் சிறுகச் சிறுக ஆவியாக்கி, எந்தக் கட்டத்தில் எந்த உப்பு படிகிறதென்று அளந்து பார்த்தார். நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறுகிய பிறகே சாதாரண உப்பு படிகமாகிறது. அதற்குப் பின்னும் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புக்கள் தங்கிவிடுகின்றன. இந்த வரிசையை உசிலியோவுக்கு முன்பே உப்பளத்தார் கையனுபவமாக அறிந்திருந்தார்கள். ஜிப்சத்தை முந்திய பாத்திகளிலேயே விட்டுவிட்டு வருவதும், கசப்பு நீரை உப்போடு வற்றவிடாமல் வெளியேற்றுவதும் அந்த அறிவின் பயனே. கசப்பு நீர் சிறிது ஒட்டிக்கொண்டு வந்த கல்லுப்புதான், மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஜாடியில் கசிந்து நிற்கிறது.

வெயில் ஏறுமுன் பலகையால் உப்பை வாரிச் சேர்க்கும் ஆண்களையும், கூடையில் நிரப்பித் தலையில் சுமந்து வரப்பின்மேல் நடக்கும் பெண்களையும் கண்டவர்களுக்கு, கடையில் மிக மலிவாக வாங்கும் இந்தப் பதார்த்தத்தை அலட்சியமாகக் கொட்ட மனம் வராது. உவரால் வெடித்த பாதங்களும், வெண்மையின் கூசும் ஒளியில் சுருங்கிய கண்களுமாக உழைக்கும் அவர்களுக்கு, வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகள் மூழ்கிவிட்டால் அந்த வேலையும் இல்லை.

இங்கே நாம் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுதான்: நீர் ஆவியாகப் போகும்போது உப்பை உடன் அழைத்துச் செல்வதில்லை.

ஆவி சுமக்காத சரக்கு

உப்புக்கல்லில் சோடியம், குளோரின் என்னும் இருவகை அணுக்கள், ஒன்று நேர் மின்னேற்றமும் மற்றது எதிர் மின்னேற்றமும் பெற்று, மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. மின்னேற்றம் பெற்ற இவ்வணுவை அயனி என்பார்கள். உப்பு நீரில் விழுந்ததும், நீரின் நுண்துகள்கள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்துவிடுகின்றன. அப்படிச் சூழப்பட்ட அயனி நீருக்குள் எங்கும் சஞ்சரிக்கும்; நீர் எங்கே ஊறிச் சென்றாலும் உடன் செல்லும்; ஆனால் நீரின் மேற்பரப்பை விட்டு ஆவியோடு எழும்பும் சக்தி மட்டும் அதற்குக் கிடையாது.

நம் சமையற்கட்டில் இதற்கு அழகிய நிரூபணம் உண்டு. இடியாப்பத்துக்கு உப்பை மாவு பிசையும்போதே சேர்த்துவிடுகிறோம். இட்லிப் பானையின் அடியிலுள்ள தண்ணீரில் எவ்வளவு உப்பைக் கரைத்து வைத்தாலும் மேலே வேகும் இடியாப்பத்துக்கு அதில் ஓரணுவும் ஏறாது. ஆவியில் வேகும் பண்டத்துக்கு உப்பு முன்னரே வேண்டும்; நீரில் வேகும் பண்டத்துக்கு நீரின் வழியாகக் கொடுக்கலாம்.

பாஸ்தா எவ்வினத்தைச் சேர்ந்தது? கடினக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி எடுப்பது அது. நம் சேமியாவுக்கு நெருங்கிய உறவு. சிசிலித் தீவில் டிராபியா என்னும் ஊரில் இத்தகைய மாவு இழைகளை ஏராளமாகச் செய்து கப்பலேற்றி அனுப்பினார்களென்று, 1154 இல் முடிக்கப்பட்ட தம் பூகோள நூலில் அல் இத்ரீசி எழுதிவைத்திருக்கிறார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்னும் கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்திய செய்தி இது. உலர் பாஸ்தாவின் மாவில் பெரும்பாலும் உப்புச் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்கு உள்ளிருந்து ருசி கொடுக்கக்கூடிய ஒரே வாய்ப்பு, அது நீரை உறிஞ்சிப் பருக்கும் அந்தப் பத்து நிமிஷந்தான்.

ஆறில் ஒரு டிகிரி

சூட்டைப் பற்றிய அபிப்பிராயத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். உப்புக் கரைந்த நீர் வெறும் நீரைவிடச் சற்று உயர்ந்த உஷ்ணத்தில்தான் கொதிக்கும் என்பது மெய். அந்த ‘சற்று’ எவ்வளவு என்பதே கேள்வி. லிட்டருக்கு 10 கிராம் உப்பிட்டால் கொதிநிலை ஏறக்குறைய ஆறில் ஒரு டிகிரி உயரும். கடல்நீரையே உலையில் வைத்தாலும் உயர்வு அரை டிகிரி அளவுதான். இனிமேல் ஒரு கல்லும் கரையாது என்னுமளவுக்கு நிரம்பிய உவர்கூட 109 டிகிரியை எட்டுவதில்லை.

இதற்கு எதிராக ஊர்களின் உயரம் செய்யும் வித்தியாசத்தைப் பாருங்கள். கடல்மட்டத்தில் உள்ள மரக்காணத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால், 93 டிகிரிக்கும் சற்றுக் கீழே கொதித்துவிடுகிறது. ஏழு டிகிரிக்கு மேற்பட்ட அக்குறைவை ஈடுசெய்ய நாம் போடும் உப்பைப்போல் முப்பது மடங்குக்கு மேல் வேண்டும். அதை உண்ண எவராலும் முடியாது. ஆறில் ஒரு டிகிரியால் பாஸ்தா வேகும் நேரம் உணரத்தக்கபடி மாறாது. சீக்கிரம் கொதிக்கும் என்பதோ உண்மைக்கு நேர்மாறு. கொதிநிலை உயர்ந்தால் கொதிக்கத் தாமதமன்றோ ஆகும்!

அப்படியானால் அந்தப் பொங்கல்? நீர் ஆவிக் குமிழாக மாறுவதற்கு, தொடங்க ஓரிடம் வேண்டும். மிக நுண்ணிய வெடிப்பிலோ சொரசொரப்பிலோ சிக்கிய காற்றே பெரும்பாலும் அந்தத் தொடக்கம். இதைக் குமிழ்க்கரு என்று சொல்லலாம். உப்புக் கல் ஒவ்வொன்றும் இத்தகைய கருக்களை ஆயிரக்கணக்கில் தன் பரப்பில் ஏந்திக்கொண்டு விழுகிறது. கொதிக்கத் தயாராக இருந்த நீர் அவற்றைப் பற்றிக்கொண்டு ஒரே சமயத்தில் குமிழ்விடுகிறது. சுத்தமான மணலைப் போட்டிருந்தாலும் பொங்கியிருக்கும். உப்புக் கரைந்ததும் பொங்கல் அடங்கிவிடுவதே இதற்குத் தக்க சான்று.

கொதி வந்தபின் உப்பிடுவதில் வேறொரு நன்மை இருக்கிறது. குளிர்ந்த நீரில் கொட்டிய கல்லுப்பு கரையாமல் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் தங்கி, நாளடைவில் அங்கே சிறுசிறு புள்ளிகளாக உலோகத்தை அரித்துவிடும். கொதிக்கும் நீரில் அது சுழன்று உடனே கரைந்துபோகிறது.

இருநூறு கிராம் பாஸ்தாவின் கணக்கு

இருவர் உண்ண 200 கிராம் பாஸ்தா, 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது நீரில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு. “கடலைப்போல் உவர்க்க வேண்டும்” என்று சிலர் சொல்வது பேச்சழகேயன்றி அளவாகாது. கடல் இதைவிட மூன்றரை மடங்கு உவர்ப்பானது. கரண்டியால் அளந்தால் கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் எடை மாறுபடுமாதலால், முதல் தடவையேனும் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இந்த 20 கிராமுக்காகக் கடலும் சூரியனும் செலவிட்டது எவ்வளவு? லிட்டருக்கு 27 கிராம் என்னும் கணக்கில், அது முக்கால் லிட்டர் கடல்நீரின் உப்பு. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். முக்கால் லிட்டருக்கு 430 என்று கொள்ளலாம். நம் அடுப்போ, 30 டிகிரியிலுள்ள 2 லிட்டர் நீரை 100 டிகிரிக்கு ஏற்ற, வீணாகும் சூட்டை நீக்கிப் பார்த்தால், 140 கிலோகலோரியே செலவிடுகிறது. உலையைக் கொதிக்கவைக்க நாம் எரிக்கும் வாயுவின் பயனைப்போல் மூன்று மடங்கு உஷ்ணத்தை, அந்த உப்பைப் பிரித்தெடுப்பதற்காக வெயில் உப்பளத்தில் முன்னரே செலவிட்டிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெரும் ஆச்சரியம் உண்டாகிறது.

இனி, கொதிக்கும் அந்நீரில் பாஸ்தா விழுகிறது. ரவையிலுள்ள மாவுச்சத்து நுண்மணிகளாக இருக்கிறது. அவற்றைச் சுற்றிலும் கோதுமையிலுள்ள பசையம் என்னும் புரதம் வலையாகப் பின்னியிருக்கிறது. 60 டிகிரிக்கு மேல் அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. வலையோ சூட்டில் இறுகி அவற்றைக் கட்டிக்காக்கிறது. முதல் இரண்டு நிமிஷம் கிளறச் சொல்வதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் மேற்பரப்பு மணிகள் வெடித்துப் பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதே. தண்ணீரில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. அது மேலே மிதக்க, ஒட்டுவதெல்லாம் அடியில் நடக்கிறது.

வெந்து வடித்தபின் 200 கிராம் பாஸ்தா ஏறக்குறைய 440 கிராமாகும். 240 கிராம் நீர் உட்புகுந்திருக்கிறது. அந்நீரோடு அயனிகளும் புகுகின்றன. அடர்ந்த இடத்திலிருந்து அருகிய இடத்துக்குத் துகள்கள் தாமாகவே பரவிச் சமனடையும் இச்செயலை விரவல் எனலாம். நீரிலிருந்த அதே விகிதத்தில் உப்பும் புகுந்ததாகக் கொண்டால், பாஸ்தாவுக்குள் சேர்வது 2.4 கிராம். போட்ட உப்பில் எட்டில் ஒரு பங்கே வயிற்றுக்குப் போகிறது. ஆளுக்கு 1.2 கிராம், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு நிற்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவில் இது கால் பங்குக்கும் குறைவு. கைநிறைய உப்பைக் கண்டு அஞ்சும் ரத்த அழுத்தக்காரர்கள் அஞ்சவேண்டியது தண்ணீரிலிட்ட உப்பையன்று; மேலே தூவும் சீஸையும், புட்டியில் வரும் குழம்பையும்.

அதே 2.4 கிராமை வெந்த பாஸ்தாவின்மேல் பிறகு தூவினால் என்ன? நாக்கு முதலில் மேற்பரப்பின் உப்பைக் கடுமையாக உணரும். மெல்ல மெல்ல உள்ளிருந்து வெறும் மாவே வரும். இறுகிவிட்ட மாவுக்குள் உப்பு விரவிச் செல்ல நேரம் பிடிக்கும். அதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

ஆனால் மீதி ஏழு பங்கு உப்பைச் சாக்கடையில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதற்கு வழி எளிது: தண்ணீரைப் பாதியாக்குவது. ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் உப்பு என்றால் விகிதம் மாறவில்லை. பாஸ்தாவுக்குள் போகும் உப்பும் மாறவில்லை. கொட்டும் உப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. எரிவாயுவும் பாதி மீதமாகிறது. வடிநீரில் மாவுச்சத்து இருமடங்கு அடர்கிறது. கொஞ்சம் சிரத்தையுடன் அடிக்கடி கிளற வேண்டும், அவ்வளவுதான்.

தக்காளி எப்போது?

உலை ஒருபுறம் கொதிக்க, மறுபுறம் வாணலியில் காய்கறி ஆக வேண்டும். எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதங்கும்போது ஒரு சிட்டிகை உப்பிட்டால் வெங்காயம் விரைவில் குழைவதை யாவரும் அறிவர். வெளியே உவர் மிகுந்ததும் வெங்காயத்தின் செல்களிலிருந்து நீர் வெளியேறிவிடுகிறது. உலையில் உப்பு நீரோடு உள்ளே போயிற்று; இங்கே அதே உப்பு நீரை வெளியே இழுக்கிறது.

கேரட்டும் பீன்ஸும் மென்மையாவது வேறு காரியம். அவற்றின் செல்களைச் செங்கல்லுக்கிடையிலுள்ள சாந்துபோல் ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் காய் வேகும். கால்சியம் அதை இறுக்கும். ஆதலால்தான் கால்சியம் மிகுந்த உவர்க்கிணற்றுத் தண்ணீரில் காயும் பருப்பும் வேகச் சண்டித்தனம் செய்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அக்கால்சியத்தில் கொஞ்சத்தைப் பெயர்த்துத் தள்ளி வேக்காட்டுக்கு உதவுகிறது. புளிப்போ பெக்டின் கரைவதை வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. சாம்பாரில் காய் வெந்த பிறகே புளி விடவேண்டுமென்று நம் பாட்டிமார் வைத்த நியதி இங்கும் செல்லும்: தக்காளியை முதலிலேயே வதக்கி அதில் கேரட்டைப் போட்டவர்கள், பாஸ்தா வெந்து வெகுநேரமாகியும் கேரட்டைக் கடிக்க வேண்டியிருக்கும்.

அவசரத்துக்கு எளிய உபாயம், கேரட்டையும் பீன்ஸையும் மெல்லியதாக நறுக்கி, பாஸ்தா வேக இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதே உலையில் போட்டுவிடுவது. உப்பு நீரில் வேகமாக வெந்துவிடும். மூடி போடாமல் வேகவைத்தால், காயிலிருந்து எழும் புளிப்பு ஆவிகள் வெளியேறுவதால் பீன்ஸின் பச்சையும் அவ்வளவாக மங்காது. தக்காளியும் குடைமிளகாயும் வாணலியில் தனியே வதங்கட்டும்.

வடிநீரைச் சேர்த்தல்

இழையொன்றைக் கடித்துப் பார்த்து, நடுவில் மெல்லிய வெண்புள்ளி இன்னும் இருக்கும்போதே பாஸ்தாவை வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு வாணலியில் நடக்கும். குளிர்ந்த நீரில் அலசுவது கூடாது. மேற்பரப்பில் ஒட்டியுள்ள மாவுச்சத்தைக் கழுவிவிட்டால் தக்காளிக் குழம்பு அதில் பிடிக்காமல் வழிந்தோடிவிடும். வடிநீரில் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக் கஞ்சியை விட்டு ரசத்தையும் கூட்டையும் திடப்படுத்தும் வீடுகளில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. வாணலியில் எண்ணெயும் தக்காளிச் சாறும் பிரிந்து நிற்கும். மாவுச்சத்துள்ள வடிநீரை விட்டு வேகமாகக் கிளறும்போது எண்ணெய் நுண்துளிகளாகச் சிதற, கொழகொழத்த நீர் அத்துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. இவ்வாறு எண்ணெயும் நீரும் கலந்து நிற்கும் நிலைக்குப் பால்மம் என்று பெயர். குழம்பு திரண்டு, ஒவ்வொரு துண்டின்மேலும் பளபளப்பான பூச்சாகப் படிவது அதனால்தான்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. அரைக் கிண்ணம், அதாவது 100 மில்லிலிட்டர் வடிநீரில் ஒரு கிராம் உப்பு இருக்கிறது. வாணலியில் அது கொதித்து வற்றும்போது நீர் மட்டுமே போகிறது. உப்பு முழுவதும் பாத்தியில் தங்குவதைப்போலவே தங்கிவிடுகிறது. தக்காளிக்கு வழக்கமான உப்பை முதலிலேயே இட்டிருந்தால், பரிமாறும் வேளையில் கரிக்கும். காய்கறிக்குப் பாதியளவே உப்பிட்டு, வடிநீர் சேர்ந்து வற்றிய பிறகு ருசி பார்த்து, வேண்டுமானால் ஒரு சிட்டிகை சேர்த்து, மிளகுப்பொடி தூவி, ஆறுமுன் இலையிலோ தட்டிலோ பரிமாறிவிடலாம்.